பதினான்கு அங்குலத் திரையில் ஒரு விளக்கு

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில், ‘கம்ப்யூட்டர் எடை மேடை – 24 மணி நேரமும்’ என்று ஒரு போர்டு நிற்கிறது. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆளும் கிடையாது. இந்த இரண்டு பொய்களுக்கும் கீழே, ஒரு தகரக் கூரை அறையில், பொய்யே எழுதாத மனிதர் ஒருவர் பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் கோமதிசங்கர். வயது ஐம்பத்தேழு.

லாரி மேடையில் ஏறுவதற்கு முன்னால் டிரைவரைக் கூப்பிட்டு, “சைபரப் பாத்துக்கோ” என்பார். வெறும் மேடை சைபர் காட்டுகிறது என்று டிரைவர் தன் கண்ணால் பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஆட்டாமல் எடை போட மாட்டார். எலுமிச்சை மூட்டை வெயிலில் வாடுகிறது என்று வியாபாரி குதித்தாலும் சரி, பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தாலும் சரி, சைபர் முதலில். ஒருமுறை கண்பார்வை மங்கிய டிரைவர் ஒருவருக்காகத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து சைபர் பார்க்க வைத்திருக்கிறார். இதனால் அவருக்குச் சுற்றுவட்டாரத்தில் ‘சைபர் அண்ணாச்சி’ என்று பட்டம். சிவகிரி வரைக்கும் அந்தப் பெயர் செல்லும். அவருக்கும் அதில் வருத்தமில்லை. சைபரில் தொடங்காத எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பது அவர் கொள்கை.

அந்தச் சைபரை டிரைவர்களுக்குக் காட்டுவது ஜன்னலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய பெட்டி. பார்த்தால் பழைய டி.வி. மாதிரி இருக்கும். எழுத்துகள் பச்சை நிறத்தில் எரியும். ஊரார் அதைத்தான் கம்ப்யூட்டர் என்று நம்புகிறார்கள். போர்டும் அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டது. உண்மையில் அது டெர்மினல். கம்ப்யூட்டருக்கு முகம் மட்டும் தனியாகக் கழற்றி வைத்தால் எப்படி இருக்குமோ அது. மூளை வேறெங்காவது இருக்கும். வயர் வழியாக வருகிற எழுத்தைத் திரையில் காட்டும். விசைப்பலகையில் தட்டுகிற எழுத்தை வயர் வழியாக அனுப்பும். சொந்தமாக ஒரு கூட்டல்கூடத் தெரியாது.

“சொன்னதச் சொல்லும், சொந்தமா ஒண்ணும் தோணாது. நல்ல ஜோடிதான்” என்பாள் அவர் மனைவி கனகலட்சுமி. குருவிகுளம் யூனியன் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் ஆகையால், அவள் இதைக் குறையாகச் சொல்கிறாளா, அலுவலக அனுபவத்தில் பாராட்டாகச் சொல்கிறாளா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் அந்தப் பெட்டியின் லட்சணங்களைக் கேட்டால் கோமதிசங்கர் ஜாதகம் வாசிப்பதுபோல வாசிப்பார். திரை மூலைக்கு மூலை பதினான்கு அங்குலம். ஒரு வரிக்கு எண்பது எழுத்து, மொத்தம் இருபத்துநான்கு வரி. ஆக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது எழுத்து. அதற்கு மேல் ஒரு எழுத்து வந்தாலும் மேல் வரி ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் இடம் கொடுக்கும். தள்ளினது போனதுதான், ஞாபகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே ஏழு புள்ளி, நெடுக்கே ஒன்பது புள்ளி. பின்பக்கம் இருபத்தைந்து ஊசி உள்ள சொருகி. வேகம் நொடிக்கு முந்நூறு பிட்டில் தொடங்கிப் பத்தொன்பதாயிரத்து இருநூறு வரை. எடை மேடை மெஷின் இரண்டாயிரத்து நானூறு வேகத்தில் பேசும். அதனால் இதையும் அந்த வேகத்துக்கே குறைத்து வைத்திருந்தார். மாமியார் பேசுகிற வேகத்தில்தானே மருமகள் கேட்டாக வேண்டும்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு படிவம் வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் மகாராஜன். இளையரசனேந்தல் பக்கத்து லாரி டிரைவர். மேடையில் ஏறும்போதெல்லாம் செல்போனில் ரீல்ஸ் எடுத்துப் போடுகிறவன். ஒரு நாள் ‘சைபர் அண்ணாச்சியின் சைபர்’ என்று ஒன்றைப் போட்டான். அதில் முப்பது நொடி பச்சை எழுத்து ஓடியது. அதைக் கோயம்புத்தூரில் கபீர் என்கிற ஒருவர் பார்த்தார். அவர் ஒரு தனியார் கல்லூரியில் பழைய கணினிக் கருவிகளுக்குக் கூடம் ஒன்று அமைத்துக்கொண்டிருந்தார். இந்த ஜாதிப் பெட்டி ஒன்று, அதுவும் ஓடுகிற நிலையில், தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும் என்று இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர். மறுநாளே போன் செய்தார். அதற்கு அடுத்த வாரம் படிவம் வந்தது. முப்பத்துநாலு கேள்வி. கடைசியில், ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்று ஒரு வரி, கையெழுத்துக்கு ஒரு கோடு.

பெட்டியைக் கூடத்துக்குத் தேர்ந்தெடுத்தால் அதன் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் ஓர் அட்டை வைப்பார்களாம். அதில் பெட்டியின் விவரங்களுக்குக் கீழே, ‘பாதுகாத்து வழங்கியவர்: கோமதிசங்கர், சங்கரன்கோவில்’ என்று இருக்கும். பெட்டிக்குப் பதிலாக எடை மேடைக்குப் புது டிஜிட்டல் போர்டு ஒன்றும் மாட்டித் தருவதாகக் கபீர் சொன்னார். கோமதிசங்கர் காதில் போர்டு விழவில்லை, அட்டைதான் விழுந்தது. அவர் பெயர் இதுவரை அச்சில் வந்தது தன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை, ரேஷன் கார்டில் ஒரு தடவை. ரேஷன் கார்டில் ‘கோமதி, பெண்’ என்று அச்சாகி, அதைத் திருத்த அவர் தாலுகா ஆபீஸுக்குப் பதினோரு நடை நடந்தது தனிக் கதை. ஆகவே அந்த அட்டையை அவர் விரும்பினார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எடைச் சீட்டின் பின்புறத்தில் அந்த வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்ததைக் கனகலட்சுமி பார்த்துவிட்டாள்.

படிவத்தை நிரப்ப நான்கு நாள் ஆயிற்று. ஒன்பதாம் கேள்வியிலேயே தகராறு. ‘கருவியின் எடை’ என்று இருந்தது. எடை போடுகிற மனிதரிடம் எடை கேட்கிறார்கள், கேட்க வேண்டுமா? பெட்டியின் முகத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் நாற்பது டன் மேடையின் நடுவில் வைத்தார். வைத்த பிறகுதான் எடையைக் காட்ட வேண்டிய பெட்டி மேடையில் இருக்கிறது என்பது உறைத்தது. உள்ளே ஓடி மெஷினிலேயே இருக்கிற சின்ன எண் கட்டத்தைப் பார்த்தார். மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும். பத்து என்று காட்டியது. சரியாகப் பத்து என்று எழுத மனம் ஒப்பவில்லை. கடைசியில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், பிச்சிப் பூ நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் என்று வாங்கி வந்தார். அங்கேயும் முதலில் சைபர் பார்த்தார். தராசுக்காரர் அதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவருக்குப் பூ கொடுக்கவில்லை.

இவ்வளவு பதனமாக நிரப்பியவர், இருபத்தாறாம் கேள்வியில் மட்டும் நின்று யோசிக்கவில்லை. ‘திரையில் குறை ஏதும் உண்டா? (கீறல், விரிசல், அழியாத தடம்)’. ‘இல்லை’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தபாலில் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சோதித்து எடுத்துக்கொள்வதாகக் கபீர் போனில் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் லாரி எதுவும் இல்லை. பெண் பார்க்க வருகிற வீட்டில் தரை துடைக்கிற மாதிரி, ஈரத்துணியோடு ஜன்னலுக்கு வெளியே வந்து பெட்டியின் முகத்துக்கு நேராக நின்றார். அரை மணி நேரமாக வேலை இல்லாததால் திரை தானாக இருண்டிருந்தது. அந்த இருண்ட கண்ணாடியில், மங்கலான பழுப்பு நிறத்தில், அடிமுதல் கொழுந்துவரை ஒரு குத்துவிளக்கு நின்றுகொண்டிருந்தது.

துணியால் துடைத்தார். விளக்கு போகவில்லை. சோப்புப் போட்டார். பற்பசை போட்டார். விபூதி போட்டுத் தேய்த்தார். கோயிலில் எடுத்துவைத்திருந்த புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்து, அலசினார். எந்தத் தழும்பும் அதற்கு ஆறும் என்று ஊருக்கே தெரியும். கண்ணாடி பளபளவென்று ஆயிற்று. விளக்கு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மகாராஜன் மக்காச்சோள லோடோடு வந்து சேர்ந்தான். அவர் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணாச்சி, அத எதுக்கு அழிக்கீங்க? நாங்க வண்டி ஏத்துததுக்கு முன்ன அதத்தான கும்பிட்டுக்கிட்டிருக்கோம்.”

“எத்தன நாளாடே இது இருக்கு?”

“நான் லாரிக்கு வந்த நாளா இருக்கு. நீங்கதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ரீல்ஸ்ல மட்டும் விழ மாட்டேங்குது, பட்ட பட்டயா ஓடுது.”

கோமதிசங்கருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நியாயமானவர்கள் கேட்கலாம். பெட்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அவர் அதன் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பதினைந்து வருஷமாக அதன் காற்றுத் துவாரங்களைத்தான் பார்த்திருக்கிறார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் முகத்தைப் பார்ப்பார். அது ஆயுத பூஜை. அன்றைக்குத் திரையில் நிஜமாகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

சாயங்காலமே சௌந்தரபாண்டியனைக் கூட்டிவந்தார். திருவேங்கடம் ரோட்டில் முப்பது வருஷம் டி.வி. மெக்கானிக்காக இருந்து, தட்டை டி.வி. வந்ததும் கடையை மூடிவிட்டு மாடு வாங்கியவர். பள்ளிக்கூடக் காலத்துச் சேக்காளி. அவர் திரையை நகத்தால் சுண்டினார், பக்கவாட்டில் குனிந்து பார்த்தார், மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோலப் பின்பக்கமும் பார்த்தார்.

“இது வெளிய இல்லவே. கண்ணாடிக்கு உள்பக்கம் பூசுன மாவு கருகியிருக்கு. ஒரே எடத்துல ஒரே எழுத்து நாள்கணக்குல எரிஞ்சா இப்படித்தான் ஆவும். அதுக்குத்தான கம்பெனிக்காரன் அரை மணிக்கு ஒருதரம் தானா அணையுத மாதிரி வெச்சிருக்கான். எந்த மடப்பய அத ஆஃப் பண்ணி வெச்சான்?”

அந்த மடப்பயல் கோமதிசங்கரேதான். அதுமட்டுமல்ல, அதை ஆஃப் பண்ணிய பெருமையில்தான் அவருக்குக் கல்யாணமே ஆயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் இதே ரோட்டில் ஒரு நூற்பாலையில் இப்படி ஆறு பெட்டிகள் வந்து இறங்கின. மூளை மட்டும் ஏசி அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடத்தில் இருந்தது. கோமதிசங்கர் ஆபரேட்டர். கனகலட்சுமி டைம் ஆபீஸில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி வைத்தாயிற்று. பெட்டிகளுக்கு முன்னால் விளக்கேற்றப் போனபோது, அதை மாட்டிக்கொடுக்க வந்திருந்த இன்ஜினியர் அலறிவிட்டார். எண்ணெய்ப் புகை ஆகாதாம். விளக்கில்லாமல் பூஜையா என்று மானேஜர் முறைத்தார். அப்போது கனகலட்சுமி உட்கார்ந்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளையாரும் தேரும் அடித்துப் பழகிய கையால், நட்சத்திரக் குறியாகவே தட்டித் தட்டித் திரை நடுவில் ஒரு குத்துவிளக்கை எழுப்பிவிட்டாள். பச்சை நிறத்தில், ஜெகஜ்ஜோதியாக. மானேஜர் கற்பூரம் காட்டினார்.

அரை மணி நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. அணைந்தது என்று யாரும் சொல்லவில்லை, மலையேறிவிட்டது என்றார்கள். அன்றைக்குப் பார்த்து மூன்று மெஷினில் நூல் அறுந்தது. நூற்பாலையில் நூல் அறுவது அதிசயமில்லை என்றாலும், மானேஜர் முகம் வெளுத்துவிட்டது. கோமதிசங்கர் ஒருவர்தான் அந்தப் பெட்டியோடு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவர். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் விஷயம் இருந்தது. கனகலட்சுமி மறுபடியும் விளக்கைத் தட்டினாள். அவர் அமைப்புப் பக்கத்துக்குப் போய், தானாக இருளும் வசதியை அணைத்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினார். விளக்கு மறுநாள் வேலை தொடங்கும் வரை எரிந்தது. அடுத்த தை மாதம் இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விளக்கு உண்டு. எரிகிற விளக்கை மனுஷன் கையால் அணைக்கக் கூடாதே! மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் குளிரவைக்கும் வரை எரியும். அதன் பிறகே தானாக இருளும் வசதியை மறுபடி போடுவார். ஆரம்ப காலத்தில் மின்சார வாரியம்தான் அந்தத் திரையைக் காப்பாற்றியது. ராத்திரியில் நாலு தடவை கரண்டை நிறுத்தி, விளக்கை அதன் போக்கில் மலையேற்றிவிடும். பிறகு ஆலைக்கு யு.பி.எஸ். வந்தது. எடை மேடைக்கு இன்வெர்ட்டர் வந்தது. முன்னேற்றம் என்பது எவ்வளவு பெரிய சேதம் என்பதற்குச் சங்கரன்கோவிலில் வேறு சாட்சி தேவையில்லை. ஆலையில் புதுக் கம்ப்யூட்டர் மாற்றி ஆட்களை அனுப்பியபோது, பிரிவு உபசாரச் சுவர்க்கடிகாரம் வேண்டாம், அந்தப் பெட்டி போதும் என்று கேட்டு வாங்கி வந்தார். எடை மேடையில் வைத்தார். விளக்கு மட்டும் வருஷா வருஷம் கனகலட்சுமி வந்து, எண்ணாமல், பார்க்காமல், அதே இடத்தில் தட்டிவிட்டுப் போவாள்.

“இதுல கவலப்பட என்ன இருக்கு?” என்றார் சௌந்தரபாண்டியன். வழியும் சொல்லிக்கொடுத்தார். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டியது. திரை நிறைய எண் ஓடவிட வேண்டியது. வருகிறவரைச் சூரியன் திரை மேல் அடிக்கிற நேரத்துக்கு வரச்சொல்ல வேண்டியது. டி.வி. விற்கிற காலத்தில் இப்படி எத்தனையோ தள்ளிவிட்டிருக்கிறாராம். வாங்கினவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்களாம்.

கோமதிசங்கர் அந்த யோசனையை நிராகரித்தார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற வெளிச்சத் திருகைப் பாதிக்குத் திருப்பினார். பதினொரு மணிக்கு வாருங்கள் என்று கபீருக்குப் போனும் செய்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார், இட்லியைத் தள்ளி வைத்தார். விஷயத்தைக் கனகலட்சுமியிடம் சொன்னார். திரை கருகிவிட்டது, கையெழுத்துப் போட்ட காகிதம் பொய்யாகிவிட்டது, எல்லாம் உன் விளக்கால் என்று முடித்தார்.

அவள் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ முகம் மலர்ந்துபோய், “நெசமாவா? அப்படியே தெரியுதா? தீபம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா?” என்று கேட்டாள். அவ்வளவு நேரத்தில் அவள் கேட்ட மூன்றும் விளக்கைப் பற்றித்தான். காகிதத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

ஞாயிறு காலையில் அவர் ஆறு மணிக்கே எடை மேடைக்குப் போனார். திருகை முன்போல முழுக்கத் திருப்பினார். ஒரு ஸ்கேலும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் குந்தினார்.

கபீர் பதினொன்றே காலுக்குக் காரில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி, முதுகில் பை. வழியில் ஊரின் பேர்போன பிரியாணிக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். சங்கரன்கோவிலுக்கு வருகிற எந்த ஆராய்ச்சியாளரும் அந்த இடத்தை முதலில் ஆராயாமல் வருவதில்லை. கனகலட்சுமியும் தூக்குச் சட்டியில் சாப்பாட்டோடு வந்து, நல்ல சேலையில், ஒன்றும் தெரியாதவள்போல மூலையில் உட்கார்ந்திருந்தாள். சௌந்தரபாண்டியன் வேடிக்கை பார்க்க மாட்டைக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

கபீர் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து, சொருகியில் மாட்டப் போனார். திரை முழுக்க ஒரே எழுத்தாக நிரப்பிப் பார்ப்பாராம். அப்போது ஒரு புள்ளி மங்கலாக இருந்தாலும் தெரிந்துவிடுமாம். கோமதிசங்கர் சொருகியின் மேல் கையை வைத்து மறித்தார்.

“தம்பி, மொதல்ல சைபரப் பாத்துக்கோங்க.”

கபீருக்குப் புரியவில்லை. கோமதிசங்கர் அவரை ஜன்னலுக்கு வெளியே கூட்டிப்போய், இருண்ட திரைக்கு நேராக நிறுத்தினார். கபீர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். பிறகு கோமதிசங்கர் தாளை நீட்டினார். இருபத்தாறாம் கேள்விக்குத் திருத்தம். ‘இல்லை’ என்று எழுதியது தவறு. தடம் உண்டு. வடிவம்: குத்துவிளக்கு. மேலிருந்து மூன்றாம் வரியில் தொடங்கி இருபத்திரண்டாம் வரியில் முடிகிறது. அடிப்பாகம் முப்பத்தொன்றாம் எழுத்திலிருந்து நாற்பத்தொன்பதாம் எழுத்து வரை. மொத்தம் நூற்றுப் பதினெட்டு நட்சத்திரக் குறி. காரணம்: ஆயுத பூஜை. கீழே தேதியோடு கையெழுத்து.

சௌந்தரபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கபீர் தாளை இரண்டு தடவை படித்தார். தன் பையிலிருந்து அட்டையின் மாதிரித் தாளை எடுத்து நீட்டி, சுத்தமான கோயம்புத்தூர் மரியாதையோடு சொன்னார். “சார், நீங்க இதைச் சொல்லாம இருந்திருந்தாலும் டெஸ்ட்ல தெரிஞ்சிருக்குங்க. சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. பெட்டியை எடுத்துக்கறோம்ங்க, ஓடற பெட்டி வேற எங்கயும் கிடைக்கல. ஆனா அட்டையில ‘குறைகள்’னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இதை எழுதியாகணும்ங்க.”

கோமதிசங்கர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அச்சடித்த கட்டம். அதற்கு நேர் கீழேதான் ‘பாதுகாத்து வழங்கியவர்’. வேறு கட்டத்தில் எழுத முடியாதா என்று கேட்டார். ‘சிறப்புகள்’ என்றொரு கட்டம் காலியாகத்தானே இருக்கிறது? அதில் கம்பெனி வைத்துக்கொடுத்ததைத்தான் எழுதலாமாம். பிறகு சேர்ந்தது எல்லாம் குறைதானாம். குழு முடிவு செய்ததாம். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் புதிதாகப் போடலாமே? மற்ற அட்டைகளில் அது இல்லையாம். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒரு விளக்கை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று பேசினார்கள். நடுவில் ஒரு மிளகாய் வத்தல் லாரி வந்து, சைபர் பார்த்து, எடை போட்டுக்கொண்டு போயிற்று. இவர்கள் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.

அப்போதுதான் கனகலட்சுமி மூலையிலிருந்து பேசினாள்.

“குறைன்னே எழுதிக்கிடச் சொல்லுங்க. இப்ப என்ன வந்துச்சு? ஒங்க பேரு அங்கன வரும்லா. சீட்டுப் பூரா எழுதி எழுதிப் பாத்தீங்களே.”

கோமதிசங்கர் அவளைப் பார்த்தார். பிறகு மாதிரித் தாளை மடித்துக் கபீரின் கையில் கொடுத்தார்.

“ஒன் விளக்கக் குறைன்னு மேல எழுதி, அதுக்குக் கீழ என் பேர எழுதவா? நல்லா இருக்குட்டி ஒன் நியாயம்.” கபீர் பக்கம் திரும்பினார். “தம்பி, வேண்டாம். பெட்டி இங்கனயே இருக்கட்டும். ஒங்களுக்குக் குறைன்னு எழுத வேண்டாத வேற பெட்டி கெடைக்கும்.”

கபீர் மாதிரித் தாளைப் பையில் வைத்தார். அவருக்கும் வருத்தம்தான், இரண்டு வருஷத் தேடல். போகும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை விளக்கை இரண்டு எழுத்துத் தள்ளித் தட்டியிருந்தால் இப்படிக் கருகியிருக்காதே, ஏன் அதே இடத்தில்?

“விளக்க வெச்ச எடத்துலதான வெக்கணும்?” என்றாள் கனகலட்சுமி. அவருக்குத் தூக்குச் சட்டியிலிருந்து ஒரு டம்ளரில் ரசமும் ஊற்றிக் கொடுத்தாள். பிரியாணிக்கு மேல் ரசம் நல்லது என்று அவர் ஒத்துக்கொண்டார்.

கார் போன பிறகு கோமதிசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டை போனதில் கொஞ்சம் கனம் இறங்கின மாதிரியும் இருந்தது, கொஞ்சம் இடம் காலியான மாதிரியும் இருந்தது. நேரே பெட்டியின் முதுகு. அதே காற்றுத் துவாரங்கள். ஊர் டிரைவர்கள் எல்லாரும் தினமும் கும்பிடுகிற விளக்கைத் தான் மட்டும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பெட்டியைத் தன் பக்கம் திருப்பலாம். ஆனால் டிரைவருக்குச் சைபர் தெரியாது. அது முடியாது.

மறுநாள் காலையில் தேரடிப் பக்கத்துக் கடை ஒன்றில் இரண்டடிக்கு ஒன்றரையடி முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினார். ஜன்னலுக்கு வெளியே, கூரையைத் தாங்குகிற கம்பத்தில், பெட்டியின் முகத்துக்கு எதிராகச் சற்றே சாய்த்து மாட்டினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

மகாராஜன் வந்தான். சைபர் பார்த்தான், தலையாட்டினான், மேடையில் ஏறினான். எடை திரையில் வந்தது. கண்ணாடியில் அது வலமிருந்து இடமாக ஓடியது. அவன் இறங்கி வந்து கண்ணாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இதுல நம்பரு எல்லாம் எடம் வலமா மாறி, கோணல் மாணலாத் தெரியுதே. ஒரு எண்ணும் படிக்க முடியாது. என்னத்துக்கு மாட்டுனீங்க?”

“பின்னால வண்டி வருதான்னு பாக்கதுக்கு” என்றார் கோமதிசங்கர். அந்த மேடையில் அவர் பதினைந்து வருஷத்தில் சொன்ன முதல் பொய் அது.

மகாராஜன் போனான். பிறகு அரை மணி நேரம் லாரி எதுவும் வரவில்லை. திரை தானாக இருண்டது. எண்கள் போன கண்ணாடியில் விளக்கு மட்டும் நின்றது. நடு எழுத்தைக் கணக்குப் பண்ணி இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தட்டின விளக்கு. அதற்கு இடமும் வலமும் கிடையாது. கண்ணாடியிலும் நேராகத்தான் தெரிந்தது. கோமதிசங்கர் தூக்குச் சட்டியைத் திறந்து, அதைப் பார்த்தபடியே சாப்பிடத் தொடங்கினார்.